சூப்ரயேனுக்குத் தெரிந்த கை

காற்று அதிகம் இல்லை. நல்லதுதான், பிறகு காற்றின் மேல் பழி போட முடியாது. சொத்தவிளைக் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிற கூட்டமெல்லாம் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கமே நின்றுவிடும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் மணலில் நடந்துவர வேறு யாருக்கும் தலையெழுத்து இல்லை. ஈர மணலில் கம்பை ஊன்றி, உச்சியிலிருந்து ஒரு கம்பியை இறக்கி, இன்னொரு கம்பியை அலை வந்து தொட்டுப்போகிற இடம்வரை விரித்துவிட்டால் ஏரியல் தயார், மீதி வேலையைக் கடல் பார்த்துக்கொள்ளும். உப்புத் தண்ணீருக்கு அப்படி ஒரு பெருந்தன்மை, கொடுத்ததை விழுங்காமல் தூக்கி அந்தப் பக்கம் அனுப்பிவிடும். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ரேடியோ, ஐந்து வாட், பழைய குண்டு பல்புகூட இதைவிட எத்தனையோ மடங்கு தின்னும், இதை வைத்துக்கொண்டு நான் மொரீஷியஸோடு பேசுகிறேன் என்றால் செல்வின் இன்றைக்கும் சிரிப்பார். சிரிக்கட்டும். கட்டின புருஷனுக்கு அந்த உரிமையாவது வேண்டாமா. அவர் இப்போது சர்ச் கமிட்டிக் கூட்டத்தில் மைக் செட் வாங்குவது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். எனக்கு இன்று முடிச்சுப் போடத்தான் நேரமாகிவிட்டது. இடது கை கம்பியைப் பிடித்துக்கொள்ளும், வலது கை நூலைச் சுற்றும், இத்தனை வருஷமாக அதுதான் ஏற்பாடு, இப்போது வலது கை யோசிக்கிறது. சுற்று என்றால் கொஞ்சம் நின்று, என்னையா சொன்னாய் என்று கேட்டுவிட்டுச் சுற்றுகிறது.

பந்தயம் காலையில் சர்ச்சில் வைத்துக் கட்டியது. யாரோடும் இல்லை, என்னோடுதான். கடவுளைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அவருக்குப் பந்தயம் பிடிக்காது என்று சண்டே ஸ்கூலிலேயே சொல்லிவிட்டார்கள். கொயரில் ஷைனி முன் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கண்ணை மூடிப் பாட்டைக் கேட்பார்கள், நான் வாயைப் பார்ப்பேன், டாக்டர் ஹெப்சிபா, பல் மருத்துவர் என்று போர்டு மாட்டி இத்தனை காலம் பிழைத்தவளுக்கு வேறு எதைப் பார்க்கத் தெரியும். மேல் சுரத்துக்கு வாயை அகலத் திறந்தபோது அவள் இடது கண் ஒரு நொடி சுருங்கியது. வலி. கீழ்த்தாடையின் அந்தக் கடைசிப் பல்லை நாளைக் காலையில் நான் எடுப்பதாக இருக்கிறது. எலும்புக்குள் படுத்துக்கிடக்கிற பல், வேருக்கு அடியிலேயே உதட்டுக்குப் போகிற நரம்பு, எக்ஸ்ரேயில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் தெரிகின்றன. கொஞ்சம் தவறினால் அந்தப் பெண்ணின் கீழுதட்டில் பாதி மரத்துப்போகும், சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு என்றைக்குமே. பாடுகிற உதடு. இதைவிட மோசமாகப் படுத்துக்கிடந்ததையெல்லாம் எடுத்திருக்கிறேன், அது வேறு விஷயம், அப்போது கை வேறு. பாட்டுப் புத்தகம் என் வலது கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. முன்னால் நின்றவர் விசிறியோ என்று திரும்பிப் பார்த்தார். இடது கைக்கு மாற்றிக்கொண்டேன், மாற்றும்போதே முடிவு செய்தேன். சாயங்காலம் கடலுக்குப் போகிறேன், சூப்ரயேனைக் கூப்பிடுகிறேன், அவர் என் கையை அடையாளம் கண்டுகொண்டால் நாளை ஷைனியின் பல்லை நான் எடுக்கிறேன். இல்லாவிட்டால் எடுக்கமாட்டேன். அவள் பல்லை மட்டும் இல்லை, இனி யார் பல்லையும்.

சூப்ரயேன் மொரீஷியஸில் மாஹேபூர் என்கிற கடலோர ஊரில் பஸ் ஓட்டி ரிடையர் ஆன மனிதர். பாட்டனுக்குப் பாட்டன் இங்கிருந்து கப்பலேறிய ஒரு சுப்பராயனாக இருக்கும், போன இடத்தில் எழுதினவர்கள் வாய்க்கு வந்ததை எழுதிச் சூப்ரயேன் ஆக்கிவிட்டார்கள். தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புள்ளியும் கோடுமாக மோர்ஸில்தான் பழக்கம், அதுவும் சுருக்கி முறித்த இங்கிலீஷில். "குரல்கூடக் கேக்காத ஆளோட என்னத்தப் பேசுவ?" என்பார் செல்வின். குரல் எதற்கு, மோர்ஸ் அனுப்புகிற அந்தச் சின்ன விசையை, கீயை, தட்டுகிற கை போதும். கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிற மாதிரிதான் இதுவும், நாங்கள் அதைக் கை என்றே சொல்லுவோம், இன்னார் கை அழகு, இன்னார் கை அவசரம் என்று. சூப்ரயேன் கையில் பஸ் டிரைவரின் நிதானம் உண்டு, ஒவ்வொரு சொல் முடிவிலும் ஆள் இறங்கியாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். என் கையில் கோடு நீளும் என்பார். சொல்லின் கடைசிக் கோட்டை விட மனசு வராமல் பிடித்துக்கொண்டே இருப்பேனாம், அதன் மேலேயே நடந்து மாஹேபூர் வந்து சேர்ந்துவிடலாமாம். யாராவது இருக்கிறீர்களா என்று நான் பொதுவாக அழைக்கத் தொடங்கினால் போதும், என் அழைப்புக்குறி, அதாவது எங்கள் உலகத்தில் ஆளுக்குள்ள நம்பர் பிளேட், அது வருவதற்கு முன்னாலேயே குறுக்கே பாய்ந்து 'ஹெப்சி' என்று தட்டுவார். முறைப்படி அது தப்பு, ஒருவர் முடிக்கிறவரை இன்னொருவர் காத்திருக்க வேண்டும். ஆனால் குறியைக் கேட்காமல் கையை வைத்தே ஆளைச் சொல்லுவதில் அவருக்கு ஒரு கர்வம், ஒரு ஞாயிறுகூட அதை விட்டுக்கொடுத்ததில்லை. மழைக்காலம் முழுக்க நான் வரவில்லை. காரணம் மழை இல்லை. பந்தயத்துக்கு அவரைப் பிடித்தது ஏனென்றால், மற்ற எல்லோரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையைப் பார்க்கிறார்கள், அவரிடம் போய்ச் சேருவது கை மட்டும்தான்.

திருவனந்தபுரத்து நரம்பு டாக்டர்கூட முகத்தைத்தான் பார்த்தார். பல் டாக்டர்கள் மாநாடு என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். என்னைவிட ரொம்பச் சின்னவர், "மேடம், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தட்டுங்க, வேகமா, நல்லா விரிச்சு" என்றார். முதலில் அகலமாகத்தான் தட்டினேன், அப்புறம் குறுகி, இன்னும் குறுகி, கடைசியில் விரல்கள் இரண்டும் உப்புக் கிள்ளுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் விரலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, பார்க்கின்சன் என்கிற பெயரை மெதுவாகச் சொல்லி, "ஆரம்பம்தான் மேடம், மாத்திரைக்கு நல்லாக் கேக்கும், இன்னும் பல வருஷம்" என்றார். பல வருஷம் என்ன என்று நான் கேட்கவில்லை. பல வருஷம் காபி குடிக்கலாம், சேலை கட்டலாம். பல் எடுக்கலாமா? கேட்க எனக்குக் கூச்சம், சொல்ல அவருக்குக் கூச்சம், இரண்டு டாக்டர்களும் மரியாதையாக எழுந்து கும்பிட்டுக்கொண்டோம். அதற்கெல்லாம் முன்னாலேயே மருந்துக் கடைக்காரர் போன் செய்து, உங்க எழுத்து எறும்பு மாதிரி இருக்கே டாக்டர் என்று கேட்டிருந்தார். வாய்க்குள் விடுகிற சின்னக் கண்ணாடி ஒருநாள் ஒருத்தர் கடைவாயில் டிட் டிட் டிட் டிட் என்று தட்டியது. நான்கு புள்ளி, மோர்ஸில் அது ஹெச், ஹெப்சியின் ஹெச். என்னைக் கேட்காமல் என் கை என் பெயரை ஊரான் பல்லில் எழுத ஆரம்பித்துவிட்டதே என்று முகமூடிக்குள் சிரித்தேன். அது நிற்கவில்லை, எட்டுப் புள்ளிவரை போனது, எட்டுப் புள்ளி தொடர்ந்து விட்டால் எங்கள் பாஷையில் தப்பாக அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். அப்போது சிரிப்பு நின்றது. உதவிக்கு நின்ற ஞானசெல்வி ஒன்றும் கேட்காமல், "நான் பிடிச்சுக்கிடுதேன் மேடம்" என்று கண்ணாடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள்தான் பிடிக்கிறாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு இந்த நோய் அந்நியமில்லை, தாசில்தாராக இருந்த ஒருவருக்குப் பல் செட் வைத்துக் கொடுத்திருக்கிறேன், தாடை நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும், அவர் மனைவி பக்கத்தில் நின்று ஒரு துவாலையால் தாடையைப் பிடித்துக்கொள்வார், பிடித்துக்கொண்டே என்னிடம் மழை விசாரிப்பார். அந்த மனிதர் கண்கள் மட்டும் ஆடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. செல்வின் என் தாடையைப் பிடிப்பாரா. பிடிப்பார். பிடித்துக்கொண்டே மைக் செட் கதை சொல்லுவார், நான் பதில் சொல்ல முடியாது, அதுதான் பயமாக இருக்கிறது.

"என்ன டாக்டரம்மா, இன்னைக்காவது மீன் உண்டா?" சேசடிமை. இந்தக் கரையில் வள்ளம் வைத்திருக்கிறவர், என் கம்பைப் பார்க்கிறபோதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போனதில்லை. "பெரிசா ஒண்ணு வரும்னு இருக்கேன்" என்றேன், அதுவும் வழக்கமான பதில்தான். "வந்தா பாதி எனக்கு" என்று சிரித்தவர் முழங்காலில் கிடந்த என் கையைப் பார்த்தார். சும்மா கிடக்கிறபோதுதான் அது ஆடும், மாத்திரை உருட்டுகிற மாதிரி. "கை நடுங்குதே, காலைல இருந்து ஒண்ணும் திங்கலியா?" டீ குடிக்கவில்லை, அதான் என்றேன். "டீ குடிச்சா நிக்குமா?" நிற்கும் என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய், கை இவ்வளவு சுலபமாக வந்தால் போதும். அவர் கன்னத்துக்குள் நாக்கைத் துழாவினார். "எனக்கு அந்தக் கடவாப்பல்லு இன்னும் குடையுது. அடுத்த வாரம் வாறேன், நீங்கதான் பாக்கணும் கேட்டியளா, வேற ஆளு தொட்டா எனக்கு உயிரு போயிரும்." சரி, வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் காலடித் தடங்களில் தண்ணீர் நிரம்பி மூடிக்கொண்டே போனது. அவருக்கு ஏன் சரி என்றேன், பந்தயம் இன்னும் முடியவில்லையே, முடியாத பந்தயத்தை நம்பி ஆளுக்கு நாள் கொடுக்கிற அளவுக்கு எனக்குள் யாரோ இன்னும் கிளினிக் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

ஹெட்போனை மாட்டினேன். ஊருக்குள் இன்வெர்ட்டரும் எல்.ஈ.டி. பல்புகளும் சேர்ந்து இரைகிற இரைச்சல் இங்கே இல்லை, அடியில் மெல்லிய ஒரு சீறல், அதற்கு மேல் யாரோ இரண்டு ரஷ்யர்கள், அவசரக் கை ஒன்று, அவசரத்துக்கு ஈடுகொடுக்கிற கை ஒன்று. அலைவரிசையில் கொஞ்சம் நகர்ந்து வெறுமையான ஓர் இடம் பார்த்தேன். இங்கே யாரும் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும், காலி நாற்காலியானாலும் கேட்பதுதான் முறை. கேட்டேன், பதில் இல்லை. தானாகவே அளந்து புள்ளியும் கோடும் வைக்கிற கீ ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது, யார் தொட்டாலும் ஒரே அளவாக விழும், அதை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன், அழுத்துகிறவள் அழுத்துகிறபடி மட்டுமே பேசுகிற பழைய பித்தளைக் கீதான் மடியில் இருக்கிறது. கீயின் குமிழில் விரல் வைத்ததும் நடுக்கம் அடங்கியது. வேலை என்று வந்தால் அடங்கும், இந்த நோயின் ஏமாற்று வித்தை அது, பார் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று காட்டும். டா டிட் டா டிட். டா டா டிட் டா. யாராவது இருக்கிறீர்களா என்கிற அந்தப் பொது அழைப்பு. கடைசி டாவை நீட்டினேன். நீட்டினேன் என்றுதான் நினைத்தேன், காதில் வந்தது குட்டையாக இருந்தது. மறுபடி அனுப்பினேன், இன்னும் குட்டை, கோடும் புள்ளியும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரத்தில். இந்த இடைவெளியில்தான் அவர் பாய்வார். சீறல் மட்டும் இருந்தது. பேத்திகள் வந்திருக்கலாம், சாப்பிட உட்கார்ந்திருக்கலாம், அவருக்கும் வயதாகிறது, காது மந்தமாகியிருக்கலாம், யார் காதாவது மந்தமாக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற நிலைமை வந்துவிட்டதா. குறியை அனுப்பினேன், முழுக்க, கடைசி எழுத்துவரை, யாரும் குறுக்கே வரவில்லை. முடித்துவிட்டு விரலை எடுத்தேன்.

வந்தார். நான் முடிக்கிறவரை முறையாகக் காத்திருந்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் வருகிற மாதிரி, வழக்கத்தில் பாதி வேகத்தில் வந்தார். அந்த நிதானம், அந்த ஆளிறக்கம், சூப்ரயேன்தான், சந்தேகமே இல்லை. மாலை வணக்கம், உங்கள் சிக்னல் அருமையாக வருகிறது என்றார். நான் என் பெயரை அனுப்பவில்லை. பந்தயம் பந்தயம்தான், இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம், மனிதர் இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று, உங்கள் சிக்னலும் நன்று, இங்கே வானம் தெளிவு, கடல் அமைதி என்றெல்லாம் தட்டினேன். தட்டத் தட்ட எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போவது எனக்கே கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், 'புதியவரே, நல்வரவு. நான் சூப்ரயேன், உங்கள் ஆசிரியையின் பழைய நண்பன்.' கற்றுக்கொள்கிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து நம் குறியில் பேசவிடுகிற வழக்கம் சில நாடுகளில் உண்டு, மனிதர் அதைத்தான் நினைத்திருக்கிறார், நான் யாரோ ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று. 'அவசரப்படாதே. கோடுகள் குட்டையாக வருகின்றன, பரவாயில்லை, முதலில் எல்லோருக்கும் அப்படித்தான். ஹெப்சியின் கையைக் கவனித்துக் கேள். அதைப்போல ஒரு கை இந்தக் கடலில் வேறு இல்லை. தினமும் பழகு. உனக்கும் வந்துவிடும்.' உனக்கும் வந்துவிடும். வந்துவிடுமாம். கடல் என் முன்னால் தன்பாட்டுக்குப் புரண்டுகொண்டிருந்தது. செத்தபிறகு சர்ச்சில் நம்மைப் பற்றி என்ன சொல்லுவார்கள் என்று எல்லோருக்கும் ஒரு ஆசை இருக்கும், எனக்கு அது காதோடு கிடைத்துவிட்டது, உயிரோடு உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது, அதைச் சொன்னவருக்கு நான் யாரோ. பிறகு அவர் கேட்டார், 'இப்போது கீயை ஹெப்சியிடம் கொடு. மழைக்காலம் முழுக்க அவளைத் தேடினேன்.'

யாரிடம் கொடுக்க. கீ என் மடியில், கை என் மடியில். பந்தயம் முடிந்துவிட்டது, தோற்றுவிட்டேன், ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து போய்விடலாம், சூரியன் இறங்க இறங்க அலைவரிசை தானாகவே மங்கிவிடும், ஹெப்சி ஏதோ வேலையாக எழுந்து போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்வார், அடுத்த ஞாயிறும் கூப்பிடுவார், அதற்கடுத்த ஞாயிறும். அல்லது ஹெப்சி டீ குடிக்கப் போயிருக்கிறாள் என்று அனுப்பலாம், இன்று அந்த டீக்கு நல்ல வேலை. அவர் மறுபடி என் குறியைத் தட்டினார். ஹெப்சி, இருக்கிறாயா. என் முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி நிற்கிறாள், அவளைத்தான் கூப்பிடுகிறார், நான் வழியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது போலிருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன், வெட்கக்கேடு. மணலும், தூரத்தில் பந்து விளையாடுகிறவர்களும். ஹெப்சி, இருக்கிறாயா. ஷைனி வாயைத் திறந்து அந்த மேல் சுரத்தைப் பிடித்தது நினைவுக்கு வந்தது, கண் சுருங்கினாலும் சுரத்தை விடவில்லை அவள். கையைக் குமிழில் வைத்தேன். 'ஹெப்சி இங்கே. கற்றுக்கொள்கிறவர் யாரும் இல்லை. இவ்வளவு நேரம் நீங்கள் கேட்டது என் கை. கைக்கு நோய்.'

சீறல். அவ்வளவுதான். மங்கிப்போனாரா என்று ரேடியோவின் குமிழைத் திருகிப் பார்த்தேன், இல்லை. பிறகு ஒரே ஒரு சொல் வந்தது. 'திரும்பச் சொல்.' சரியாகக் கேட்காவிட்டால் அப்படிக் கேட்பதுதான் எங்கள் வழக்கம், கேட்டால் முணுமுணுக்காமல் திரும்ப அனுப்ப வேண்டும், அதுவும் வழக்கம். என் சிக்னல் அவருக்கு அருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அவரே சொன்னார். காது கேட்டுவிட்டது, மனிதர்தான் கேட்கவில்லை. திரும்ப அனுப்பினேன். ஒவ்வொரு எழுத்தாக, குட்டைக் கோடுகளோடு, நடுவில் ஒரு இடத்தில் விரல் ஒட்டிக்கொண்டு நின்று பிறகு நகர்ந்தது. இந்தத் தடவை நோயின் பெயரையும் அனுப்பினேன். அதோடு நிற்கவில்லை, நாளையிலிருந்து பல் எடுக்கமாட்டேன் என்றும் அனுப்பினேன், அனுப்பி முடித்தபிறகுதான் இனி அதைத் திரும்பப் பெற முடியாது என்று உறைத்தது. சூப்ரயேன் வர நேரமானது. 'கேட்டது' என்றார். 'முழுவதும் கேட்டது.' பிறகு, 'ஹெப்சி, இனிமேல் நான் இந்த வேகத்தில் வருகிறேன். நீ வா.' அதே பாதி வேகத்தில்தான் அனுப்பினார், புதியவளுக்கு அனுப்பிய வேகத்தில். வணக்கம் சொல்லி முடித்துக்கொண்டோம். ஹெட்போனைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அழுதிருப்பேன்.

பிறகு போனை எடுத்து ஞானசெல்வியைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு ஷைனிய வரச் சொல்லாண்டாம். மெடிக்கல் காலேஜ்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காங்க, அங்க அனுப்பிருவோம். நான் பேசிக்கிடுதேன்."

"சரி மேடம். அவளுக்கு அடுத்து உள்ளவங்க?"

"அவங்களையும்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் குறைந்தது.

"அப்ப காலைல கிளினிக் திறக்காண்டாமா மேடம்?"

"திற. நான் வாறேன். வாறவங்ககிட்ட நானே சொல்லுதேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"என் கை நடுங்குதுன்னு."

வாயைத் திறந்து சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. "மேடம்?" என்றாள் அவள். அலைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவை சொன்னேன்.